பதினான்கு பொட்டு வைத்த லேத்

ஆட்டையாம்பட்டி,
வெகுதானிய வருஷம், ஐப்பசி மாதம் பன்னிரண்டாம் தேதி.

யந்திர சாஸ்திரத்தில் இனிமேல்தான் தேற வேண்டிய சிரஞ்சீவி சுவாமிநாதனுக்கு, உன் தாயாரோடு கூடப் பிறந்த ஒரே மாமன் கைலாசம் ஆசீர்வாதம் செய்து எழுதுவது என்னவென்றால், இவ்விடம் நானும் உன் அத்தை தெய்வநாயகியும் உன் தாயார் மாரக்காளும் சினை எருமையும் சுகம். கோயமுத்தூரில் உன் சுகத்துக்கும் உன் மில் மேஸ்திரியின் சுகத்துக்கும் மறு தபாலில் எழுதவும்.

உன் கார்டு கிடைத்தது. பத்து வரி எழுத இடமுள்ள கார்டில் நாலே வரி எழுதியிருக்கிறாய். முதல் வரியில் நமஸ்காரம். இரண்டாவதில், தை முதல் தேதியோடு மில் வேலையை விட்டுவிடப் போகிறாய். மூன்றாவதில், நம் ஊரிலேயே சொந்தப் பட்டறை போடப் போகிறாய், அதற்கு இரும்பு கடையும் உன் லேத் ஒன்றைத்தான் நம்பியிருக்கிறாய். அதுவரை எல்லாம் சரி. நாலாவது வரியில், ‘மாமா, நான் வரும்வரை லேத்தை நீங்கள் தொடவே வேண்டாம், கோணி போட்டு மூடி வைத்தால் போதும்’ என்று எழுதியிருக்கிறாயே, அது யார் சொல்லிக் கொடுத்து எழுதியது? அந்த வரியை மட்டும் உன் அத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஆனந்தமாகக் கேட்டாள். இரண்டாம் பாரம் வரை இங்கிலீஷ் படித்தவன், தறிக்கு நானே புது மாதிரி மிதி செய்து போட்டவன், சேலம் ஜங்ஷனில் டிரைவர் துரையே எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து சந்தேகம் கேட்கும்படி இருந்தவன் (உனக்கு அப்போது நாலு வயது, ஞாபகம் இருக்காது), நான் ஒரு லேத்தைத் தொடக்கூடாதாம்!

ஆகவே தொட்டேன். ஏன் தொட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துத் துரை பட்டறையை மூடிவிட்டுப் போனபோது நீ ஏலத்தில் எடுத்தாயே, அது லேத்தாகவா வந்தது? துருவாக வந்தது. மாட்டு வண்டியிலிருந்து இறக்கி நம் வீட்டுப் பின்கொட்டகையில் வைத்ததும் உன் தாயார், “எம் பையன் இதையா வாங்கினான், செத்த எருமையாட்டம் கெடக்குதே சாமி” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்காள் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு கோணி போடுகிறவன் நானில்லை. புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தேன். பித்தளைக் குடத்துக்கு ஆகும் வைத்தியம் இரும்புக்கு ஆகாதா என்ன? சாயங்காலம் பளபளவென்று இருந்தது, காலையில் பார்த்தால் முன்னைக்கு இரண்டு பங்கு துரு. ஏற்காட்டுக் குளிர்க் காற்றை உள்ளே அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது, அதுதான் காரணம். பிறகு விளக்கெண்ணெய் போட்டு வழிக்குக் கொண்டுவந்தேன்.

இந்த இடத்தில்தான் ஆரோக்கியசாமி வந்து சேர்ந்தார். உனக்குத் தெரியும், ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து பென்ஷன் வாங்கி, மாதாகோயில் பக்கம் குடியிருக்கிறவர். இருபத்தாறு வருஷம் ரயில்வேயில் இருந்தாராம். இருந்து என்ன பிரயோஜனம், ஒரு ரயிலையாவது நம் ஊர்ப்பக்கம் திருப்பிவிட்டாரா? வந்தவர் லேத்தின் நீண்ட முதுகை, அதாவது வெட்டும் உளி ஏறி ஓடுகிற அந்தப் படுகையை, பெட் என்று சொல்லுவார்கள், அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு ஓரம் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறது என்றார். அதற்கு ஒரு வைத்தியமும் சொன்னார். சிவப்பு ஈயப் பொடியை எண்ணெயில் குழைத்து ஒரு சமமான இரும்புச் சட்டத்தில் பூசி, அதைப் பெட்டின் மேல் வைத்து இழுக்க வேண்டும். எங்கெங்கே சிவப்பு ஒட்டுகிறதோ அங்கங்கே மேடு. அந்தச் சிவப்பை மட்டும் சுரண்டியால் முடியளவு சுரண்ட வேண்டும், மறுபடி பூச வேண்டும், மறுபடி சுரண்ட வேண்டும். இதற்கு ஒரு மாதம் ஆகுமாம்! முடியளவு முடியளவாகச் சுரண்டினால் மாதம் ஏன் ஆகாது, வருஷமே ஆகும். இப்படித்தான் சர்க்கார் சம்பளம் கரைகிறது.

“சனிக்கிழமை வந்து நானே பூசிக் காட்டறனுங்க. நடுவாலே அந்தப் பக்கம் வந்தாலும் பூசி வெச்சுட்டுப் போறேன். நீங்க மட்டும் கை வெச்சுராதீங்க” என்றார்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு நான் திருச்செங்கோட்டில் ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கடிகாரம் சம்பந்தமாக அவசரமாகப் போயிருந்தேன். (அது ஓடவில்லை. கடிகாரத்தின் தப்பு.) மறுநாள் காலையில் கொட்டகைக்குள் போனால், லேத்தின் பெட் மேல் சிவப்பு சிவப்பாகப் பதினான்கு இடம்! இந்த ஓரம் ஏழு, அந்த ஓரம் ஏழு, எண்ணெயில் குழைத்த சிவப்பு. ஆரோக்கியசாமி சொன்னபடி வந்து பூசி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எந்த அறிவாளிக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. பழைய அரத்தைத் தீட்டிச் சுரண்டி செய்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பதினான்கு சிவப்பையும் இருந்த இடம் தெரியாமல் சுரண்டி எடுத்தேன். அவருக்கு ஒரு மாதம், எனக்கு ஒரு பகல்!

அதற்கு அடுத்த நாள் காலையில் போனால் அதே பதினான்கு இடத்தில் மறுபடி சிவப்பு. சரி, இன்னும் மேடு மிச்சமிருக்கிறது, கிழவர் விடியற்காலையில் வந்து பரீட்சை பார்த்துவிட்டுப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி சுரண்டினேன். மூன்றாம் நாளும் சிவப்பு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சுரண்டியை எறிந்துவிட்டு உளியும் சுத்தியும் எடுத்தேன். நாலாம் நாளும் சிவப்பு! இப்படி அடங்காத மேட்டை நான் எந்த இரும்பிலும் பார்த்ததில்லை என்று உன் அத்தையிடம் சொன்னேன். “ஏனுங்க, மேடு கொறையக் கொறையப் பள்ளம் ஆகாதுங்களா?” என்று கேட்டாள். பெண்பிள்ளைகளுக்கு யந்திரம் விளங்காது என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் விடிவதற்கு முன்பே எழுந்து போனேன். கிழவரைக் கையும் களவுமாகப் பிடித்து, உங்கள் மேட்டைத் தீர்த்துவிட்டேன் என்று சொல்ல ஆசை. போனால் உன் தாயார் குளித்து, ஈரத் தலையோடு, இடது கையில் குங்குமக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழியிலும் விரலை விட்டுப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள்!

“அக்கா! நீயா?” என்றேன்.

“ஆமா, நாந்தான். ஆயுத பூசையன்னைக்கு எம் பையன் மிசினுக்குப் பொட்டு வெச்சேன், மக்யா நாள் வந்து பாத்தா எந்தக் கட்டையில போறவனோ அழிச்சு வெச்சிருக்கான். தெனமும் வெக்கறேன், தெனமும் அழிக்கறான். பொட்டை அழிக்கிறது நல்லதாடா கைலாசம்? எம் பையன் பொழப்பு நடக்க வேண்டிய மிசினு!”

“பொட்டு வைக்கிறவள் நெற்றியில் வைப்பாளா, முதுகில் வைப்பாளா?” என்று கேட்டேன். லேத்துக்குத் தலைப்பக்கம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே வைத்திருந்தால் எனக்குப் புரிந்திருக்குமே.

“அதுக்கு நெத்தி எதுன்னு எனக்கென்னடா தெரியும்? நீளமா எடம் இருந்துச்சு, வெச்சேன்” என்றாள். பொட்டை அழித்தது யார் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அதன்பிறகு அவள் பேசியதை நான் எழுதமாட்டேன். கூடப்பிறந்தவள்.

சொன்ன சனிக்கிழமை ஆரோக்கியசாமி வந்தார். பெட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒவ்வொரு குழியிலும் ஒரு புளியங்கொட்டையைப் போட்டால் மேலே தெரியாது, அவ்வளவு நேர்த்தி. “ஏனுங்க, இது லேத்துங்களா, பன்னாங்குழிக் கட்டைங்களா? ஏழும் ஏழும் பதினாலு, கணக்குக் கூடச் சரியா இருக்குதுங்களே!” என்றார். இருபத்தாறு வருஷ அனுபவத்தில் அவருக்குப் பேச வந்தது இவ்வளவுதான்.

குழி விழுந்தால் என்ன, வெல்டிங் வைத்து மூடிவிடலாம் என்றேன். அவரிடம் காஸ் வெல்டிங் சாமான் இருக்கிறது, பஸ்காரர்களுக்கு ஒட்டிக் கொடுக்கிறார். “வார்ப்பிரும்புங்க இது. நெருப்பைக் காட்டுனா அப்பளமாட்டம் வளைஞ்சுக்கும், இல்லே பட்டுனு விரிசல் விட்டுரும். பையன் பொழப்பு இதுலதானுங்க இருக்குது” என்றார். நான் விடவில்லை. கடைசியில், “சிலிண்டரு ரெண்டாள் கனம். இங்கே கொண்டாரதுக்கு எங்கிட்ட வண்டியில்லீங்க” என்று நழுவினார். வண்டியில்லை என்பதுதானே சாக்கு? வண்டி செய்தேன்.

சுவாமிநாதா, அந்த வண்டியை நீ பார்க்க வேண்டும். பின்னால் ஒற்றை மாட்டு வண்டியின் இரண்டு சக்கரம், முன்னால் உன் அத்தையின் ராட்டைச் சக்கரம், நடுவில் சிலிண்டரும் கார்பைடுக் கல் டின்னும் நிற்க இரும்புச் சட்டம். சட்டத்தை ஒட்டவைக்க வெல்டிங் வேண்டியிருந்தது. வெல்டிங் வருவதற்கு வண்டி வேண்டியிருந்தது. இப்படி ஒரு சிக்கலில் மில் மேஸ்திரியாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பான். நான் நூல் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். எதையும் பரீட்சை பார்க்காமல் செய்கிறவனும் நானில்லை. சிலிண்டருக்குப் பதிலாக அதே கனத்துக்கு உன் அத்தையின் ஆட்டுக்கல்லை ஏற்றி, மேட்டுத் தெருவிலிருந்து தள்ளிக்கொண்டு புறப்பட்டேன். கீழே பாவடி மைதானத்தில் காலை வேளையில் தறிக்கு ஏற்றும் நூலைப் பாவு பாவாக நீட்டியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வண்டிக்குத்தான் தெரியவில்லை. இறக்கத்தில் ராட்டைச் சக்கரம் கழன்று ஒரு பக்கம் போக, வண்டி என் கையை உதறிவிட்டு, தறிக்கார மணியன் கஞ்சி போட்டுக் காயவைத்திருந்த பாவின் ஒரு தலைப்பில் நுழைந்து மறு தலைப்பு வரைக்கும் போய், இழையெல்லாம் சுற்றிக்கொண்டு நின்றது. ஆட்டுக்கல் விழவில்லை என்பதை மட்டும் ஒருவனும் கவனிக்கவில்லை.

“ஏனுங் கைலாசண்ணா, தேரோட்ட வேற வீதி கெடைக்கலீங்களா?” என்று மணியன் கத்த, பாவடியே கூடிவிட்டது. சிக்கலெடுக்க நானும் உன் அத்தையும் உன் தாயாரும் மூன்று நாள் உட்கார்ந்தோம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கமாட்டோம் என்று தெருவார் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வயிற்றெரிச்சலைப் பார், இப்போது அந்த வண்டியில்தான் பாவின் தலைப்பைக் கட்டுகிறார்கள். கனமாக, அசையாமல் நிற்கிறதாம். என் புத்தியால் பாவடியே பிழைக்கிறது, நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. உன் அத்தைதான் மாவு ஆட்டப் பாவடிக்குப் போய்வருகிறாள். போகும்போதும் பேசுவதில்லை, வரும்போதும் பேசுவதில்லை.

வெல்டிங் வராததும் நல்லதற்குத்தான். யோசித்துப் பார்த்தேன். சுரண்டிய இடத்தில் எண்ணெய் தங்கும், அதனால் உளி வழுக்கிக்கொண்டு ஓடும் என்று ஆரோக்கியசாமியே வாய்விட்டுச் சொன்னவர். அவர் முடியளவு சுரண்டினால் எவ்வளவு தங்கும்? என் பதினான்கு குழியில் அரைக்கால் படி விளக்கெண்ணெய் தங்குகிறது, அளந்து பார்த்தேன். வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றினால் போதும். இந்த மாதிரி லேத் கோயமுத்தூரில் எந்த மில்லிலாவது உண்டா என்று உன் மேஸ்திரியைக் கேள். ஆகவே லேத் தயார். நீ ஒரு கவலையும் இல்லாமல் மில்லுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தை முதல் தேதி புறப்பட்டு வா.

திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கிற சுவாமியின் கிருபையால் உனக்கு நீண்ட ஆயுளும், கெட்டியான கையும், பெரியவர்களுக்குக் கார்டு எழுதும்போது கொஞ்சம் மரியாதையும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையைத் தவிர வேறு நினைப்பில்லாத மாமன்,
ஆ. கைலாசம்

பி.கு. மேலே கண்டதெல்லாம் சத்தியம், லேத் தயார் என்பது தவிர. லேத்தின் பெட்டே இப்போது இங்கே இல்லை. முந்தாநாள் நான் சந்தைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, ஆரோக்கியசாமியும் மணியனும் உன் தாயாரும் சேர்ந்து பெட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ஒரு பெரிய பட்டறையில் குழி மறையும் மட்டும் மொத்தப் பெட்டையும் யந்திரத்தில் இழைத்து, அப்புறம் ஆரோக்கியசாமி தன் கையால் முடியளவு முடியளவாகச் சுரண்ட வேண்டுமாம். மாசிக் கடைசிக்கு முன்னால் ஆகாதாம். அதற்குள் நான் சேலத்துப் பக்கமே வரக்கூடாது என்று உன் தாயாரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆகையால் மில்லில் ராஜினாமாக் காகிதம் கொடுத்திருந்தால், இது கிடைத்த நிமிஷமே ஓடிப்போய்த் திரும்ப வாங்கிக்கொள். மேஸ்திரி காலில் விழ வேண்டியிருந்தாலும் விழு. ஏன் என்று கேட்டால் மாமனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். கை சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.