பெடலுக்கு ஏற்ற செருப்பு எது?

தோட்டத்து வீடு,
திருச்செங்கோடு.
8-4-1984

அன்புள்ள மாமாவுக்கு,

வசந்தாமணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு அத்தையும் நானும் எருமையும் சுகம். எருமை கொஞ்சம் கூடுதல் சுகம். அங்கு நீங்களும் உங்கள் ரிக் லாரியும் அப்படியே சுகமாக இருக்க மலைமேல் இருக்கிற அர்த்தநாரீசுவரர் துணை இருக்கவேண்டும். அவருக்கு என்ன, பெண்டாட்டியை உடம்பிலேயே பாதியாக வைத்துக்கொண்டு நிம்மதியாக நிற்கிறார். லாரியோடு வெளிமாநிலத்துக்குப் போய் ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் போடுகிற வேலை அவருக்கு இல்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. மத்தியப் பிரதேசத்தில் வெயில் அதிகம், ரொட்டி கெட்டி, போர் போடச் சொல்லி ஊர் ஊராக ஆட்கள் காத்திருக்கிறார்கள், வைகாசித் தேருக்கு நான் அவசியம் வரத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. போன வருசமும் நீங்கள் வராமல்தான் தேர் ஓடியது. வடம் பிடிக்க ஊரில் ஆளுக்கா பஞ்சம்? எனக்கு இங்கே ஒரு குறையும் கிடையாது. சைக்கிள் பெடல் விஷயமாக மட்டும் உங்கள் யோசனை தேவைப்படுகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம், வேறு ஒன்றும் இல்லை.

நீங்கள் விட்டுவிட்டுப் போன சைக்கிளில்தான் நான் சத்துணவு வேலைக்குப் போய்வருகிறேன். அரிசி இருக்கிற அறைச் சாவி அமைப்பாளரான என்னிடம் இருக்கிறது. நான் நேரத்துக்குப் போனால்தான் உலை கொதிக்கும். பஸ்ஸை நம்பினால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடவேண்டும். அப்படிப்பட்ட சைக்கிளில் பின்சக்கரத்துப் பல்சக்கரமான ப்ரீவீல் தேய்ந்து, மிதித்தால் பெடல் மட்டும் சுற்றியது, சக்கரம் எனக்கென்ன என்று நின்றது. சைக்கிள் கடைச் சின்னான் கடையைப் பூட்டிவிட்டுப் பழனிக்கு நடந்தே போயிருந்தார். சைக்கிள் கடைக்காரருக்கே நடைதான் கதி என்றால் நான் எம்மாத்திரம்? ரிக் பட்டறையில் வெல்டிங் அடிக்கிறாரே உங்கள் சித்தப்பா மகன் சென்னிமலை, அவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டு, “பூமிக்குள்ள எறங்கற ராடையே பத்த வெக்கறமுங்க அண்ணி, இதெல்லாம் ஒரு சாமானுங்களா?” என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு ப்ரீவீலைச் சுற்றிலும் நெருப்புப் பறக்கப் பற்றவைத்துக் கொடுத்தார். “இனி இது உங்கள ஏமாத்தாதுங்க” என்றார்.

ஏமாற்றவில்லைதான். ஆனால் நிற்கவும் இல்லை. சக்கரம் சுற்றுகிறவரைக்கும் பெடலும் கூடவே சுற்றுகிறது மாமா! இறக்கத்தில் காலை ஆறப்போட முடியாது. நாம் சைக்கிளை மிதிக்கிற காலம் போய் அது நம்மை மிதிக்கவைக்கிறது. முதல் நாளே சவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரி இறக்கத்தில் பழக்கதோஷத்தில் காலை நிறுத்தினேன். பெடல் என் காலை ஒரு எத்து எத்தியதில் வலதுகால் ஹவாய்ச் செருப்பு கிளம்பி, பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு போன டிராக்டரில் போய் உட்கார்ந்துகொண்டது. “ஏனுங்க, செருப்பு, செருப்பு!” என்று கத்தினேன். திட்டுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேக்டரிக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து அத்தை வீட்டில் சவ்வரிசி வாங்குவதில்லை.

பழனியிலிருந்து வந்த சின்னானிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். “இதக் கழட்டோணும்னா சக்கரத்து நடுக்கட்டையோட வெட்டித்தானுங்க எடுக்கோணும். புதுசு சேலத்துல இருந்து வரோணும். அதுவரைக்கும் காலு நழுவாத பெடலாப் பாத்துப் போட்டுக்கங்க” என்றார். இரும்புப் பெடல் போட்டால் பல் கடித்துப் பிடிக்கும், கால் நழுவாது. ஆனால் அதே பல் சேலை ஓரத்தையும் கடிக்கிறது, வெறுங்காலையும் கடிக்கிறது. ரப்பர் பெடல் காலுக்குச் சுகம். ஆனால் வேர்த்தால் வழுக்குகிறது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து என் கணுக்காலில் காயம் படாத இடம் இல்லை.

இதைப் பார்த்துப் பொறுக்காமல் அத்தை ஒரு யோசனை சொன்னார்கள். பழைய ட்யூபை வார்போல அறுத்து, ரப்பர் பெடலோடு என் காலையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். “மாடு கட்டுத்தறியில நிக்கறாப்பல இனி காலு நிக்கும் போ சாமி” என்று அனுப்பினார்கள். கால் நன்றாகவே நின்றது. களத்துமேட்டில் எதிரே உங்கள் பெரியப்பா வந்தார். பெரியவர்களைக் கண்டால் மருமகள் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் அல்லவா? நானும் இறங்கத்தான் நினைத்தேன். காலோ கட்டுக்குள் இருக்கிறது, பிரேக்கோ உங்கள் காலத்திலிருந்தே பெயருக்குத்தான் இருக்கிறது. மரியாதை இல்லாமல் தாண்டிப் போகவும் மனசு வரவில்லை. வேகம் குறைகிறவரைக்கும் அவரையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

“ஏஞ் சாமி, என்னைய எதுக்குச் சுத்தறே?” என்றார்.

“எறங்கத்தானுங்க மாமா!”

“அப்ப எறங்கு சாமி, எனக்குத் தலை கிறுகிறுங்குது.”

“முடியலைங்க மாமா!” என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டே போய்ச் சோளத்தட்டுப் போரில் சாய்ந்தேன். பெரியவர்தான் கட்டை அவிழ்த்துவிட்டார். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் முத்தாயம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஊட்டுக்காரரு சீக்கிரம் வரோணும்னு வேண்டுதலாமா? எத்தன சுத்துன்னு நேந்துக்கிட்டே?” என்று கேட்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் பரண்மேல் இருந்த உங்கள் கேன்வாஸ் ஷூ நினைவுக்கு வந்தது. உங்கள் கால் அளவுக்கு என் கால் இரண்டு போகும். முனையில் பழைய துணியைத் திணித்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரும்புப் பெடலில் மிதித்தால், கால் உடும்பாக ஒட்டிக்கொண்டது. சேலைக்கு ஷூவா என்று பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். சமையலம்மா ராசாத்தி மட்டும், “ஏனுங்க டீச்சர், போலீசாட்டம் இருக்கறீங்க” என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நீங்களே கூட வருகிறாற்போல இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதியாகிவிட்டது, விடுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு வாசலில் நடந்தேன். அந்த ஷூ பெரிதாக இருப்பதால் காலை இழுத்து இழுத்துத்தான் வைக்கவேண்டியிருந்தது. நீங்கள் களைத்து வரும்போது நடப்பீர்களே, அதே சத்தம். அடுப்படியில் இருந்த அத்தை, “நாச்சிமுத்தா! வந்துட்டயா சாமி?” என்று கையில் கரண்டியோடு ஓடிவந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். காலைப் பார்த்தார்கள். “நீயா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அன்றைக்கு வைத்த குழம்பில் உப்பே இல்லை, நாங்கள் இரண்டு பேரும் அப்படியே சாப்பிட்டு முடித்தோம். ஷூவைத் துடைத்துப் பரண்மேல் வைத்துவிட்டேன், இனி அதைப் போடமாட்டேன்.

ஆகவே மாமா, நீங்கள் எனக்குத் தெரிவிக்க வேண்டியது இதுதான். ரப்பர் பெடல் போட்டுப் பின்வார் வைத்த தோல்செருப்பு வாங்குவதா, அல்லது இரும்புப் பெடலே இருக்கட்டும் என்று என் அளவுக்கு ஒரு ஷூ வாங்குவதா? செருப்பின் அடிப்பாகம் மெலிசாக இருக்கவேண்டுமா, தடியாக இருக்கவேண்டுமா? நன்றாக யோசித்து விவரமாக எழுதுங்கள். பெடல் படம் போட்டு அம்புக்குறி காட்டினாலும் புரிந்துகொள்வேன்.

ராடு மாட்டும்போது விரல் பத்திரம். வெயிலில் தொப்பி போடுங்கள். ரொட்டி கெட்டியாக இருந்தால் டீயில் நனைத்துச் சாப்பிடுங்கள். அத்தை உங்களுக்கு ஆசி சொல்லி, எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார்கள். உங்கள் கூட இருக்கிற எல்லாருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள்
வசந்தாமணி

பி.கு: மேலே எழுதியது எல்லாம் நடந்ததுதான். ஆனால் அது மாசி மாதத்தோடு முடிந்துபோயிற்று. சேலத்திலிருந்து சாமான் வந்து, சின்னான் எல்லாவற்றையும் மாற்றிப் புதுப் பெடலும் போட்டுக்கொடுத்துவிட்டார். சைக்கிள் இப்போது நிற்கச் சொன்னால் நிற்கிறது. எனக்குக் காய்ச்சல் என்று எழுதினபோது, “மாத்திரை போடவும்” என்று எழுதினீர்கள், அவ்வளவுதான். கிணற்று மோட்டார் சூடாகிறது என்று எழுதினபோது படமெல்லாம் போட்டு, ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதினீர்கள். மோட்டாருக்கு வந்த அந்தக் கடிதத்தைத்தான் நான் தலையணைக்கு அடியில் வைத்துத் தினமும் படிக்கிறேன். அதனால்தான் பெடலைப் பற்றி எழுதினேன். தேருக்கு வரவேண்டியதில்லை என்று எழுதியதும் பொய். வாருங்கள் மாமா. பெடல் படம் வேண்டாம். என்றைக்குக் கிளம்புகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள், ஒரு வரி போதும்.