பாகு பூசிய உருளைகள்

"எப்படி இருக்கு, இன்ஜினியர் தம்பி? இதுல மூஞ்சி பாத்தே நீங்க சவரம் பண்ணிக்கலாம்!"

துப்புரவு வேலை பார்க்கும் டின்கா அக்கா இடுப்பில் கை வைத்துப் பெருமையாக நின்றாள். அவள் காலடியில் சுரண்டியும் கம்பித் தூரிகையும் கிடந்தன. இன்ஜினியர் ஸ்டாமென், எஃகு முளைகள் நட்ட தன் உருளைகளைப் பார்த்தான். இரண்டும் பளபளவென்று மின்னின. அவன் பக்கத்திலிருந்த எண்ணெய் டப்பாவின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அக்கா... நடுவுல ஒட்டிக்கிட்டிருந்த கல்மாவு எங்க?"

"அதுவா? ஒவ்வொரு முளைக்கும் நடுவுல விட்டுக் குடைஞ்சு எடுத்தேன். அத்தனையும் அழுக்கு! நாளைக்குத் தலைநகர் சோஃபியாவுலேர்ந்து ஆய்வுக் கமிஷன் வருதுல்ல? பல்லு விளக்காத வாய் மாதிரியா மெஷினக் காட்டுறது?"

"அது அழுக்கு இல்லக்கா. அதுதான் என் கண்டுபிடிப்பு!"

டின்கா அக்கா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். மெத்தப் படித்தவர்களுக்கு இப்படி ஏதாவது வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வாளியை எடுத்துக்கொண்டு படிக்கட்டைத் துடைக்கப் போய்விட்டாள்.

எங்கள் மெட்னா ரேகா தாமிரச் சுரங்கத்தில், தாதுக்கல்லை அரைப்பது இந்த இரண்டு உருளைகள்தாம். எதிரெதிராகச் சுழலும் இரண்டுக்கும் நடுவில் கல் விழுந்து நொறுங்கும். ஆனால் கல்லை உருளை அரைத்தால், உருளையைக் கல்லும் அரைக்கத்தானே செய்யும்? சில வாரங்களிலேயே உருளைகள் நடுவில் தேய்ந்து, பழைய கட்டில் மெத்தை மாதிரி பள்ளம் விழுந்துவிடும். ஸ்டாமென் இதற்கு ஒரு வழி கண்டான். வழவழப்பான உருளை வேண்டாம். மேலே எஃகு முளைகளை வரிசையாக நட்டுவிட்டால், கல்மாவு முளைகளுக்கு நடுவில் அடைந்து இறுகிவிடும். புதிதாக வரும் கல் அந்த அடையின்மேல்தான் உராயும். கல்லுக்குக் கல்லே கவசம், எஃகு பிழைத்துக்கொள்ளும்.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஸ்டாமெனின் முந்தைய யோசனைகளும் காகிதத்தில் நன்றாகவே இருந்தன. சுருள் பள்ளம் வெட்டிய உருளை, கற்களை ஜன்னல் வழியே வீசி இயக்குநரின் காரை அம்மைத் தழும்பு முகமாக்கியது. அதிகக் கெட்டியான எஃகில் வார்த்த உருளை முதல் நாளே வாய் பிளந்தது. அன்றைக்கே இயக்குநர் பப்பாசோவ் சொல்லிவிட்டார்.

"தோழர் ஸ்டாமென், இதுதான் கடைசி. இதுவும் சொதப்பினா உன்னப் பாதுகாப்புப் பிரிவுக்கு மாத்திடுவேன். 'தலைக்கவசம் உயிர்க்கவசம்'னு சுவரொட்டி ஒட்டியே நீ ரிட்டயர் ஆகலாம்."

மார்ச் மாதம் பொருத்திய உருளைகள் செப்டம்பர் வரை தேயவில்லை. அதைப் பார்க்கத்தான் கமிஷன் வருகிறது. கல்மாவு அடை முழுதாக இறுக ஒரு மாதமாகும், அடை இல்லாமல் ஓட்டினால் முளைகள் முறிந்து விழும் என்று ஸ்டாமெனே கணக்குப் போட்டு வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தான். இப்போது கையில் இருப்பதோ ஒரு ராத்திரி.

அவன் இயக்குநர் அறைக்கு ஓடினான்.

"தோழர் இயக்குநர், இப்பவே மெஷின ஓட்டணும். மெதுவா, வெறும் தூளாப் போட்டு..."

"ஓட்டுறதா?" பப்பாசோவ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சுவத்துக்கு இப்பத்தான் சுண்ணாம்பு அடிச்சிருக்கு. கன்வேயர் பெல்ட்டோட சட்டம் பூரா பச்சை பெயின்ட், இன்னும் காயல. கமிஷன் வந்து நிக்கிறவரைக்கும் அந்த ஹாலுக்குள்ள ஒரு பொட்டுத் தூசி பறக்கக் கூடாது. தும்மணும்னாக்கூட வெளிய போய்த் தும்மு!"

இயக்குநரைச் சொல்லியும் குற்றமில்லை. பெரிய ஆள் வருகிறார் என்றால் கண்ணில் பட்டதையெல்லாம் கழுவி, கழுவ முடியாததற்குப் பெயின்ட் அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். ஒருமுறை மந்திரி வந்தபோது குவித்து வைத்த நிலக்கரிக்கே வெள்ளை அடித்திருக்கிறார்கள்.

ஓட்டக் கூடாது என்றால் கையால் அடைக்க வேண்டியதுதான். ஸ்டாமென், ஃபோர்மன் கோல்யோவைக் கூட்டிக்கொண்டு வந்தான். கோல்யோ சுரங்கத்திலேயே வயதில் மூத்தவர், எதற்கும் அசராதவர், பாதி நேரம் எதற்கும் உதவாதவரும்கூட. இருவரும் கல்மாவை அள்ளி அள்ளித் திணித்தார்கள். திணித்தது அத்தனையும் பொலபொலவென்று கொட்டியது. தண்ணீர் விட்டுக் குழைத்து அப்பினார்கள். அது சேறாக வழிந்து, புதிதாகச் சிவப்பு அடித்த தரையில் போய்த் தேங்கியது.

"பசை வேணும்ண்ணே," என்றான் ஸ்டாமென்.

"ஸ்டோர்ல பசை இல்ல தம்பி. 'வருக வருக' பேனருக்கே எல்லாம் தீந்துபோச்சு." கோல்யோ மீசையை நீவினார். "ஆனா ஒட்டுற சாமான் ஒண்ணு இருக்கு. எம் பின்னால வா, ஆனா எதையும் பாக்காத."

அவர் கூட்டிப் போனது பாய்லர் அறைக்கு. உள்ளே நுழைந்ததுமே இனிப்பு வாசனை மூக்கைத் துளைத்தது. திராட்சை அறுவடைக் காலத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பெட்மெஸ் காய்ச்சுவார்கள்; திராட்சைச் சாற்றைக் கொதிக்க வைத்து வற்ற வைத்தால் வருகிற கறுத்த பாகு. வீட்டில் காய்ச்சினால் விறகுக்கு யார் அழுவது? சுரங்கத்தில்தான் அரசாங்க நீராவி சும்மா கிடக்கிறதே. கொப்பரைகள் வரிசையாகக் கொதித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக் கட்டியால் பெயர் எழுதியிருந்தது.

"இதுதான் நல்ல பதத்துல இருக்கு," என்று கோல்யோ ஒரு கொப்பரையைக் காட்டினார்.

ஸ்டாமென் பெயரைப் படித்தான். "அண்ணே, இது டைரக்டர் வீட்டுது!"

"அதனாலதான் சொல்றேன். மத்தவங்களோடதத் தொட்டா அடிப்பாங்க. டைரக்டர் வேலைய விட்டுத்தான் தூக்குவார். எப்படியும் தூக்கப்போறாரு, பாகாவது மிச்சம்."

ஸ்டாமென் வாளியை எடுத்தான்.

பாகில் குழைத்த கல்மாவு சொன்னபடி கேட்டது. முளைகளுக்கு நடுவே அழகாக உட்கார்ந்தது, இறுகியது, அசல் அடையைப் போலவே இருந்தது. கொப்பரை காலியானதைத் தவிர வேறு குறையில்லை. ஸ்டாமென் வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் போலத் தூங்கினான்.

காலையில் ஹால் கதவைத் திறந்ததும் ஙொய்யென்று ஒரு சத்தம் கேட்டது. மோட்டாரை யாரோ போட்டுவிட்டார்கள் என்று நினைத்தான். மோட்டார் ஓடவில்லை. மாவட்டத்திலுள்ள குளவிகள் எல்லாம் உருளைகளின்மேல் மாநாடு கூட்டியிருந்தன.

"அசையாத தம்பி," என்றார் பின்னாலேயே வந்த கோல்யோ. "குளவிக்குப் புகைதான் மருந்து."

எண்ணெய்த் துணியைக் கொளுத்தினார்கள். குளவிகள் போயின. புகை போகவில்லை. நேற்று அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு முழுக்க வரி வரியாகக் கரி படிந்தது. போன குளவிகளும் வெகுதூரம் போகவில்லை. வாசலில் அப்போதுதான் வந்து நின்ற கறுப்புக் காரைச் சுற்றிக்கொண்டன.

கமிஷன் தலையில் கோப்புகளைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தது. முன்னால் பேராசிரியர் டெலிஸ்கி. ஒல்லியான, சிரிப்பென்றால் என்னவென்றே அறியாத மனிதர். அவர் பின்னால் பப்பாசோவ், காது வீங்கியிருந்தது. சுவரைப் பார்த்ததும் மீதி முகமும் வீங்கியது.

"சுவத்துக்கு என்னய்யா ஆச்சு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"பெயின்ட்ல ஏதோ குறை, தோழர்," என்றார் கோல்யோ.

பேராசிரியர் யாரையும் கவனிக்கவில்லை. நேராக உருளைகளிடம் போனார். விரலால் அடையைத் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது. முகர்ந்தார். பிறகு, ஸ்டாமென் கண்ணை மூடிக்கொள்ளும் முன்பே, விரலை நக்கினார்.

"இது என்ன?"

ஸ்டாமெனுக்குச் சுவரொட்டியும் பசை வாளியும் கண்முன்னே தெரிந்தன. "இயற்கைப்... இயற்கைப் பிணைப்புப் பொருள், தோழர் பேராசிரியர்."

"உள்நாட்டுச் சரக்கா?"

"முழுக்க முழுக்க உள்நாடு!"

அதற்குள் வாசனை பப்பாசோவின் மூக்கை எட்டிவிட்டது. தன் வீட்டுப் பாகின் வாசனை மனிதனுக்குத் தெரியாதா? அவர் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. வாயைத் திறந்தார்.

"எங்க தயாரிக்கிறீங்க?" என்று பேராசிரியர் அவரிடமே கேட்டார்.

பப்பாசோவ் வாய் அப்படியே நின்றது. பாகு திருடு போனது என்று சொன்னால், பாகு எங்கே காய்ச்சப்பட்டது என்றும் சொல்ல வேண்டும். அரசாங்க நீராவி, வரிசையாகக் கொப்பரைகள், முதல் கொப்பரையில் தன் பெயர்! இருபது வருஷம் சும்மாவா பதவியில் இருந்தார்? ஒரே மூச்சில் சமாளித்தார்.

"எங்க பாய்லர் அறையில, தோழர். சோதனைப் பிரிவு. நானே நேரடியாப் பாத்துக்கிறேன்."

"அதான் கொப்பரையில பேரு எழுதியிருக்கு," என்று கோல்யோ உதவிக்கு வந்தார்.

மோட்டாரைப் போட்டார்கள். கல் விழுந்தது. உருளைகள் வெண்ணெய்போல ஓடின. ஒரு முளைகூட முறியவில்லை. நிறுத்தி அளந்து பார்த்தார்கள். மார்ச் மாதத்திலிருந்து தேய்மானம் முடி அளவுகூட இல்லை. பேராசிரியரின் உதட்டில் ஏதோ அசைந்தது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

"தோழர் ஸ்டாமென், இந்த அடை பொருத்தின நாள்லேர்ந்து அப்படியே இருக்கா? யாரும் தொடலையே?"

"கைகூடப் படல!" என்றான் ஸ்டாமென். நேற்றைக் கழித்துவிட்டால் அது உண்மைதான் என்று அவன் முழுமனதோடு நம்பினான். "அந்த அடைதான் உயிர். அதச் சுரண்டினா ஒரு நாள் தாங்காது, உருளை போயிடும்."

"அப்போ ரகசியம் முளையில இல்ல. பிணைப்புப் பொருள்ல இருக்கு!" பேராசிரியர் உற்சாகமாகத் தன் ஆட்களிடம் திரும்பினார். "எழுதுங்க. நாட்டுல இருக்கிற எல்லாச் சுரங்கத்துலயும் இந்த உருளை. கூடவே இந்தப் பிணைப்புப் பொருள், கட்டாயம்."

ஸ்டாமெனுக்குச் சுருக்கென்றது. ராப்பகலாக உட்கார்ந்து வரைந்தது முளை. பெயர் வாங்கிக்கொண்டு போவது பாகு. "தோழர் பேராசிரியர், உண்மையில அது வெறும்..." என்று ஆரம்பித்தான்.

பப்பாசோவின் பூட்ஸ் அவன் பாதத்தின்மேல் முழுப் பாரத்தோடு இறங்கியது.

"வெறும் ஆரம்பம்தான்னு சொல்றான், தோழர். ரொம்பத் தன்னடக்கம்!"

மதியம் கேன்டீனில் விருந்து. ரக்கியா சாராயம் ஓடியது, ஆட்டுக்கறி சூப் ஓடியது. பேராசிரியர் ஒரு பாட்டுக்கூடப் பாடினார். ஸ்டாமெனுக்குத் தலைமைப் பொறியாளர் பதவி என்று பப்பாசோவ் அறிவித்துவிட்டு, அவன் காதோரம் குனிந்தார்.

"சுவரொட்டியெல்லாம் வேற யாராவது ஒட்டட்டும். ஆனா என் சம்சாரம் ஞாயித்துக்கிழமை பாகு எடுத்துட்டுப் போக வருவா. அவகிட்ட நீயே பேசிக்க."

ஸ்டாமென் அதற்கும் சிரித்தான். வயிறு நிறைந்திருந்தது, வேலை நிலைத்துவிட்டது, உருளைகள் நாடெல்லாம் ஓடப் போகின்றன. பாகுக்குப் பெயர் போனால் போகட்டும். கவசம் என்ற கணக்கு தன்னுடையதுதானே? கமிஷனின் கார் கிளம்பியதும் அவன் ஹாலுக்குத் திரும்பினான். டின்கா அக்கா ஏணியில் நின்று சுவர்க் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாவம், அவள் மனதை நோகடித்துவிட்டோமே என்று அவனுக்கு வருத்தமாக இருந்தது.

"அக்கா, நேத்து சத்தம் போட்டதுக்கு மனசுல வச்சுக்காதீங்க. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. அந்த அடை இறுக ஒரு மாசம் ஆகும். ஒரு தடவை சுரண்டினாலும் மெஷின் அவ்வளவுதான். இனிமே அதுல கை வைக்கவே கூடாது."

டின்கா அக்கா துணியைப் பிழிந்துகொண்டே ஏணியிலிருந்து குனிந்து பார்த்தாள்.

"அப்போ சனிக்கிழமை சனிக்கிழமையும் சுரண்ட வேண்டாமா, தம்பி? நீங்கள்லாம் வேலைய முடிச்சு உங்க தோட்டத்துக்குப் போனப்புறம், மார்ச்சுலேர்ந்து ஒரு வாரங்கூட விடாமச் சுரண்டி எடுக்கிறேன். திங்கக்கிழமை மெஷின் ஓடி நின்னதும் பாத்தா மறுபடியும் அப்பிக்கிட்டு நிக்குது, சனியன்!"