பேத்தியில் என் பங்கு

கே.கே. நகர், மதுரை.

மேலூரில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி கண்ணுச்சாமி அவர்களுக்கு, நல்லகாமன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் பாண்டிச்செல்வியும் மகனும் பேத்தியும் நலம். உங்கள் மகள் தமிழ்வாணி மட்டும் நலமில்லை. காய்ச்சல், தலைவலி ஒன்றுமில்லை. பத்து நாளாக முகத்தில் சிரிப்பில்லை. போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை, அதனால் இந்தக் கடிதம்.

நடந்ததைப் பூசி மெழுக எனக்குத் தெரியாது. வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் பேத்திக்குக் காதுகுத்து, தாய்மாமன் என்ற முறையில் உங்கள் மகன் மடியில் உட்கார்ந்து பிள்ளை ஊரே கேட்கக் கத்தியது, அதுவரை சரி. மைக்செட்காரர் சாப்பிடப் போனவர் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார் பாருங்கள், அங்கே பிடித்தது சனி. "மூக்கு எங்க வீட்டு மூக்கு, நெத்தி எங்க வீட்டு நெத்தி, காது அசல் என் காது, மேலூர்ல இருந்து வந்தது இந்த அழுகை மட்டுந்தேன்" என்று நான் சொன்னது நாலு தெருவுக்குக் கேட்டிருக்கிறது. பந்தியில் சிரித்தார்கள், நானும் புத்திகெட்டுப் போய் இன்னொரு தடவை சொன்னேன். நீங்கள் கறிக்குழம்பு ஊற்றிய இலையில் கை வைக்காமல், இலையை மூடாமல் எழுந்து போய் பஸ் ஏறிவிட்டீர்கள். அந்த இலையைப் பார்த்த பிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை, சம்பந்தி.

நேற்றுக் காலை மருமகள் இட்லித் தட்டை வைத்த கையோடு சீட்டுக்கட்டையும் கொண்டுவந்து வைத்தாள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிற டீச்சர் அல்லவா, திட்டுவதுகூடப் பாடமாகத்தான் வருகிறது. "மாமா, அப்பா அம்மா ரெண்டு பேரும் ஆளுக்கு நாப்பத்தாறு குரோமோசோமையும் முழுசாக் குடுத்தா, பிள்ளைக்குத் தொண்ணூத்திரண்டு ஆயிரும். அதனால விந்தணுவும் கருமுட்டையும் உண்டாகும்போதே பாதியாக் குறைஞ்சு இருபத்திமூணுதான் வரும். இதுக்குப் பேரு குன்றல் பிரிவு." மாமனாரிடம் மருமகள் சொல்கிற வார்த்தையா இது என்று நான் சுவரைப் பார்த்தேன்; அவள் பாட்டுக்குச் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். "பிரியறதுக்கு முன்னால சோடி சோடியா நின்னு துண்டு துண்டா மாத்திக்கும். எது யாருக்குப் போகும்னு உங்களுக்கும் தெரியாது, எங்கப்பாவுக்கும் தெரியாது. உங்க பங்கு ஏறக்குறையக் கால். எங்கப்பா பங்கும் கால்." "காலா? மூக்காச்சும் நமக்குத்தானே தாயி?" என்றேன். "இன்னும் இருக்கு மாமா. பொம்பளப் பிள்ளைக்கு அப்பா குடுக்கிற எக்ஸ் குரோமோசோம் அத்தைகிட்ட இருந்து வந்தது. அதுல உங்களுக்கு ஒண்ணுமில்ல." அந்த அத்தை, என் வீட்டுக்காரி பாண்டிச்செல்வி, அடுப்படியில் சிரித்த சிரிப்பை முப்பத்தெட்டு வருஷத்தில் நான் கேட்டதில்லை. சீட்டை அடுக்கும்போது மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கப்பா சாப்பிடாமப் போயிட்டாரு மாமா" என்றாள்.

ஆகவே முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். பேத்தியில் உங்கள் பங்கு என் பங்குக்கு ஒரு மயிரிழையும் குறைந்ததில்லை, கூடவும் இருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். சம்பந்தியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து என் வீட்டில் நீங்கள் கை நனைக்க வேண்டும். மைக் கிடையாது. யார் மூக்கைப் பற்றியும் வாயைத் திறக்க மாட்டேன், குலசாமி சத்தியம்.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், வீட்டில் சின்னவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவான தாத்தா,
நல்லகாமன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பேத்தி சுவரை விட்டுவிட்டு, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நாலடி நடந்தாள். மன்னிக்க வேண்டும் சம்பந்தி, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள், இது அசல் என் நடை. "இது எங்கப்பா நடை மாமா!" என்று தமிழ்வாணி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நீங்களே வந்து என் கண் முன்னால் நடந்து காட்டும்வரை நான் ஒத்துக்கொள்வதாக இல்லை.