கொல்லையில் புல் நட்டவர்

ஜவ்வாது மலை முழுவதையும் ஒற்றை ஆளாக எரிச்சல்படுத்திய பெருமை புல்லுக்காரருக்கு மட்டுமே உண்டு. நாங்கள் சாமைக் கொல்லையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தால், அவர் அதே கொல்லையில் புல் நடுவார். அதற்கு அரசாங்கம் சம்பளம் வேறு கொடுத்தது.

கண்ணமங்கலம் பக்கத்து ஆள். மூன்று கம்புகளைக் கூரைச் சட்டம்போலக் கட்டி, நடுவில் கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, அதைச் சரிவில் நடத்திக்கொண்டே போவார். எந்தெந்த இடம் ஒரே மட்டம் என்று கல் சொல்லும். அந்த வழியே வெட்டிவேர்ப் புல் நடுவார்.

ஆடு தொலைத்த ஒருவர், "சார், என் ஆடு எங்க கீதுன்னு அது சொல்லுமா?" என்று கேட்டார்.

"மேட்டுல கீதா, பள்ளத்துல கீதான்னு மட்டும் சொல்லும்" என்றார் புல்லுக்காரர், சிரிக்காமல்.

மழை வந்தால் நாங்கள் வீட்டுக்குள் ஓடுவோம். அவர் பாட்டிலோடு வெளியே ஓடுவார். ஒருநாள் சொட்டச் சொட்ட வந்து, சிவந்த தண்ணீரை அப்பாவிடம் நீட்டினார். "உங்க கொல்ல கீழ போவுதுங்க. கொஞ்சம் புடிச்சாந்தேன்."

"அத்த கொட்டிட்டு பாட்டில குடுங்க சார். மண்ணெண்ண வாங்க ஆவும்."

மட்டம் பார்த்து நட்ட புல், வரப்பை மதிக்காமல் பாம்புபோல மூன்று பேர் நிலத்தில் வளைந்து போனது. பெரியப்பா கண்டுபிடித்துவிட்டார்: "ஃபாரஸ்ட்டுக்காரன் கோடு போடறான். இனிமே புல்லுக்கு மேல இருக்கறதெல்லாம் காடு. நீதான் படிச்ச புள்ளயாச்சே, மனு எழுது."

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் முதலில் பேனா பிடித்தவள். புல் மண்ணைப் பிடிக்கத்தான் என்று புல்லுக்காரர் எனக்கு இரண்டு முறை சொல்லியிருந்தார். ஆனால் ஊரே என் கையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. எழுதினேன். ‘அபகரிக்கும்’ என்ற சொல்லை அந்த வாரம்தான் கற்றிருந்தேன்; அதையும் சேர்த்தேன்.

அவரை மாற்றிவிட்டார்கள். பெட்டியோடு பஸ்ஸுக்குப் போகும்போது எங்கள் வாசலில் நின்றார்.

"மனு எழுதனது நீதானாம்மா? வரி கோணாம நல்லா கீது. கடைசிக் கொல்லையில ரெண்டு குத்து காஞ்சிபோச்சு. மழைக்கு முன்ன மாத்தி நடச் சொல்லு."

அன்று மாலையே எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டோம். கடைசிக் கொல்லை அத்தைக்கு மட்டும் பிடுங்க ஆள் இல்லை.

அதன்பின் சில மழைக்காலங்கள்தான். அத்தை கொல்லையில் சாமை விளைகிறது. எங்கள் கொல்லையில் பாறை தெரிகிறது. அப்பா மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குக் கூலிக்குப் போகிறார். மண்ணை அபகரித்த மழையின் மேல் மனு எழுதச் சொல்லி யாரும் என்னிடம் வரவில்லை.

போன மாதம் நானாகவே ஒன்று எழுதினேன், புல்லுக்காரரை எங்கள் மலைக்கே திருப்பி அனுப்பச் சொல்லி. ஜமுனாமரத்தூர் அலுவலகத்தில் வாங்கிப் பார்த்தவர், "ஆளு பேரு இன்னாம்மா?" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன்.

"சார்னுதான் கூப்ட்டோம்" என்றார்.

மனு என் பையிலேயே இருக்கிறது. வரி கோணாமல்தான் எழுதியிருக்கிறேன். பெயருக்கு விட்ட இடம் மட்டும் காலி. அங்கே ‘புல்லுக்காரர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.