ஓனரம்மாவுக்கு சூப்

திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்குக் கறிக்கடைக்காரர் மூன்றாவது முறையாகக் குப்பைக்கூடையின் மூடியைத் திறந்தார்.

முதல் முறை போனது வெண்ணெய் போட்ட சோறு. இரண்டாவது முறை தயிர் ஊற்றிய வெள்ளரிக்காய். இப்போது அவர் கையில் இருந்தது தேன் தடவிச் சுட்ட கேரட்.

"தேன் கூடவா கூடாது?"

"கூடாதுப்பா." மகள் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தேனீக்கு எலும்பே கிடையாதேடி."

"இது எலும்புக் கணக்கு இல்லப்பா. அதுங்க பறந்து பறந்து சேர்த்து வச்சதை நாம திருடுறோம். அது தப்பு."

"அப்ப ஆடு?"

"ஆட்டைப் பத்தி இன்னிக்கு நீங்க வாயே திறக்கக் கூடாது."

அது கஷ்டம். இருபத்திரண்டு வருடமாக அவர் வாயைத் திறந்தாலே ஆடுதான் வரும். கீழே கடை, மேலே வீடு. கடையில் வெட்டினார், வீட்டில் தின்றார், இரண்டுக்கும் நடுவே பதினாறு படிகள். அதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியாது.

போன மாதம் கட்டடம் கைமாறியது. புது ஓனரம்மா வீகன். கறி, மீன், முட்டை, பால், நெய் எதையும் தொடமாட்டார். தோல் செருப்புகூடப் போடமாட்டார். அப்படிப்பட்டவருக்கு வந்து வாய்த்த சொத்தில் ஒரு கறிக்கடை. ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நேரில் பார்த்து முடிவு சொல்கிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். முடிவு என்னவாக இருக்கும் என்பது தெருநாய்க்கும் தெரியும். கடை போனால் வீடும் போகும்.

சாப்பிடக் கூப்பிடலாம் என்று சொன்னது மனைவி.

"நம்ம வீட்ல கை நனைச்சுட்டா, வெளிய போன்னு சொல்ல வாய் வராதுங்க."

கூப்பிட்டார்கள். வரமாட்டார் என்ற தைரியத்தில்தான் கூப்பிட்டார்கள். அவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

காலையிலிருந்து வீடு தலைகீழாக இருந்தது. கூடத்திலிருந்த தோல் சோபாவின் மேல் ஒரு போர்வை. ஆட்டின் உடம்பைக் கோடு போட்டுப் பிரித்துக் காட்டிய படத்தின் மேல் ஒரு நாள்காட்டி. கடை வாசலில் சிரிக்கிற ஆட்டின் பலகை இருந்தது. வெட்டப்போகிறவன் கடையில் அது எதற்காகச் சிரிக்கிறது என்று இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. ஓனரம்மா கேட்பார். அதனால் அதன் மேல் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டார்.

அரை மணி நேரத்தில் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாடி ஏறி வந்தார்கள்.

"யாருக்கு என்னங்க ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆட்டைத்தான் மூடியிருக்கேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கத்தில் மனிதர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்து, அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

மீதியிருந்த சிக்கல் பின் அடுப்பு.

அந்த வீட்டில் பின் அடுப்பு அணைந்ததே இல்லை. அதன் மேல் ஒரு பெரிய பானை. கடையில் மிஞ்சும் எலும்பெல்லாம் அதற்குள் போய் இரவும் பகலும் கொதிக்கும். சமைக்கும்போது எது கெட்டியானாலும், எது சப்பென்று இருந்தாலும், பின் அடுப்பிலிருந்து ஒரு கரண்டி. குழாய்த் தண்ணீர் குளிக்க மட்டும்.

"அந்தப் பானையை முதல்ல இங்கேருந்து தூக்குங்க" என்றாள் மகள்.

"கொதிக்குதுடி. ரெண்டு ஆள் வேணும். எங்க கொண்டுபோய் வைக்கிறது, உன் படுக்கையிலயா?"

கடைசியில் அடுப்பை மட்டும் அணைத்தார்கள். பானையைத் தட்டால் மூடி, தட்டின் மேல் ஒரு துண்டைப் போர்த்தினார்கள். அதுவும் யாரோ தவறிப்போனது போலத்தான் இருந்தது.

முன் அடுப்பில் புதுப் பாத்திரம், விலைச்சீட்டின் பசைகூடப் போகவில்லை. அதில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி, பருப்பு. மனைவி குளிக்கப் போனாள். மகள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கறிக்கடைக்காரர் சூப்பை ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார்.

வெந்நீரில் காய்கறி குளித்துவிட்டுப் போன ருசி.

பருப்பு வேக வேகக் கெட்டியாகிக்கொண்டு வந்தது. கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று நினைத்தார். நினைத்தது அவ்வளவுதான். மீதியைக் கை பார்த்துக்கொண்டது. துண்டை விலக்கி, தட்டை நகர்த்தி, ஒரு கரண்டி எலும்புத் தண்ணீரை எடுத்து சூப்பில் ஊற்றிவிட்டுத் தட்டை மூடியபோதுதான் அவருக்கு உறைத்தது.

கரண்டியைப் பார்த்தார். கூடத்தைப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை.

மணி பன்னிரண்டு இருபது. வீட்டில் வேறு காய்கறி இல்லை. இவ்வளவு பெரிய பாத்திரத்தில் ஒரு கரண்டி எங்கே தெரியப்போகிறது? துண்டை முன்பு இருந்தபடியே சரிசெய்துவிட்டுச் சட்டை மாற்றப் போனார்.

சரியாக ஒரு மணிக்கு ஓனரம்மா வந்தார். பருத்திச் சேலை, துணிச் செருப்பு. பின்னால் ஒல்லியாக ஒருவர், கையில் பையோடு.

வாசலிலேயே ஓனரம்மாவின் மூக்கு உயர்ந்தது. "என்ன வாசனை இது?"

"பூண்டு" என்றாள் மனைவி.

"வெங்காயம்" என்றாள் மகள், அதே நேரத்தில்.

"சோப்பு" என்றார் கறிக்கடைக்காரர்.

ஓனரம்மா சோபாவில் உட்கார்ந்தார். போர்வை வழுக்கிக் கீழே இறங்கியது. அவர் விரலால் சோபாவைத் தடவினார். "இது தோல் மாதிரி இருக்கே?"

"ரெக்சின்மா" என்றாள் மகள்.

"அசல் ரெக்சின்" என்றார் கறிக்கடைக்காரர்.

ஓனரம்மா ஒல்லி மனிதரைக் காட்டினார். "இவர் எங்க வீட்டுச் சமையல்காரர். பதினோரு வருஷமா இவர் கையாலதான் சாப்பிடறேன். வெளியில வீகன்னு சொல்லிக் கொடுக்கறதெல்லாம் வெறும் வெந்நீர். அதையும் நம்ப முடியாது. எங்க போனாலும் முதல்ல இவர் ருசி பார்ப்பார். பால் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் இவர் நாக்குக்குத் தெரிஞ்சிடும்."

கறிக்கடைக்காரரின் முழங்கால் எலும்பில் மஜ்ஜை உறைந்தது. தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடினார். மனைவியும் மகளும் பின்னாலேயே வந்தார்கள்.

"நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்" என்றார். "பின் அடுப்புலேருந்து ஒரு கரண்டி ஊத்திட்டேன். தெரியாம."

மனைவி நெஞ்சில் கை வைத்தாள். "நீங்களுமா?"

"நீங்களுமான்னா?"

"குளிச்சுட்டு வந்து பார்த்தேன். கெட்டியா இருந்துச்சு. கை போயிடுச்சுங்க. ரெண்டே ரெண்டு கரண்டி."

இரண்டு பேரும் மகளைப் பார்த்தார்கள். மகள் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"நீயுமாடி?"

"நீங்க ரெண்டு பேரும் ஊத்தினது எனக்கு எப்படித் தெரியும்? அப்பவும் கெட்டியாதான் இருந்துச்சு."

"எத்தனை கரண்டி?"

"கரண்டி இல்லப்பா. சொம்பு."

கறிக்கடைக்காரர் துண்டை விலக்கினார். பானையில் ஒரு சாண் இறங்கியிருந்தது.

"தேனுக்கு அவ்வளவு பேசினியே!"

"இப்ப என்னைத் திட்டி என்ன ஆகப்போகுது? சூப் இல்லைன்னு சொல்லிடலாம். கீழ கொட்டிடுச்சுன்னு சொல்லலாம்."

கூடத்திலிருந்து ஓனரம்மாவின் குரல் வந்தது. "சூப்தானே அது? வாசனையே ஆளைத் தூக்குது. சீக்கிரம் கொண்டுவாங்க!"

கொண்டுவந்தார்கள். மூன்று பேரும் வரிசையாகச் சுவரோரம் நின்றார்கள். சமையல்காரர் ஒரு கரண்டி எடுத்தார். வாயில் விட்டுக் கண்ணை மூடினார். கண் மூடியே இருந்தது. கறிக்கடைக்காரருக்குத் தன் கடை தெரிந்தது. வெட்டுமரம், கொக்கிகள், அப்பா காலத்துத் தராசு. அப்புறம் ஒரு லாரி, அதன் மேல் சோபா.

சமையல்காரர் கண்ணைத் திறந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். கறிக்கடைக்காரரைப் பார்த்தார். இன்னொரு கரண்டி எடுத்தார். மூன்றாவதும் எடுத்தார்.

"சுத்தமா இருக்கும்மா" என்றார். "நீங்க சாப்பிடலாம்."

கறிக்கடைக்காரருக்கு மூச்சு வந்தது. கூடவே இளக்காரமும் வந்தது. நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் இந்த ஆள் ரெக்சின் தைத்து வைத்திருக்கிறான்.

ஓனரம்மா ஒரு கிண்ணம் குடித்தார். இன்னொன்று கேட்டார். மூன்றாவதில் ரொட்டியை முக்கித் துடைத்துச் சாப்பிட்டார்.

"பாருங்க. ஒரு உயிரையும் தொந்தரவு பண்ணாம இவ்வளவு ருசி வருது. அப்புறம் எதுக்கு இந்தக் கொலையெல்லாம்?"

"எதுக்குன்னே தெரியலம்மா" என்றார் கறிக்கடைக்காரர்.

"பாவம் கலக்காத சாப்பாடு உடம்புல எப்படி இறங்குது! என் முட்டிவலிகூடக் குறைஞ்ச மாதிரி இருக்கு."

"குறையும்மா" என்று மனைவி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "கேரட்டு" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

ஓனரம்மா கையைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ளதைச் சொல்லிடறேன். காலி பண்ணச் சொல்லத்தான் வந்தேன்."

மகள் காலிக் கிண்ணங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"இப்ப மனசு மாறிடுச்சு. பத்து வருஷத்துக்கு அக்ரிமெண்ட் போட்டுடலாம். வாடகையும் ஏத்த மாட்டேன்."

மனைவி கறிக்கடைக்காரரின் காலை மிதித்தாள். சந்தோஷத்தில் மிதித்தாள். வலித்தது.

"ஆனா கறிக்கடைக்கு இல்ல" என்றார் ஓனரம்மா. "கீழ இருக்கற கத்தி, கொக்கியெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க. வீகன் சாப்பாட்டுக் கடை. நீங்கதான் சமைக்கறீங்க. இந்த சூப்தான் அங்க பேர் வாங்கப்போகுது."

கறிக்கடைக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, அந்த சூப்புல ஒரு விஷயம் இருக்கு..."

"சொல்லாதீங்க! கைப்பக்குவத்தை வெளியில சொல்லவே கூடாது."

"இல்லம்மா, அது காய்கறி மட்டும்..."

"காய்கறி மட்டும்தான்! அதைத்தானே நான் ஊருக்கெல்லாம் காட்டணும்னு சொல்றேன்." எழுந்தார். சமையல்காரரைக் காட்டினார். "நாளையிலேருந்து இவர் தினமும் காலையில வந்து உங்க அடுப்புகிட்ட நிப்பார். தப்பான பொருள் எதுவும் உள்ள வராம பார்த்துக்குவார். மிச்ச சூப்பை ஒரு தூக்குல ஊத்திக் குடுங்க, ராத்திரிக்கு ஆச்சு."

சமையலறையில் மகள் தூக்கில் சூப்பை ஊற்றினாள். மனைவி மெல்லப் பேசினாள்.

"ரெண்டு நாள்ல தெரிஞ்சுடுங்க."

"ரெண்டு நாளா? பின் அடுப்பைப் பார்க்க ரெண்டு நிமிஷம் போதும்மா" என்றாள் மகள். "நாம நடுத்தெருவுக்குப் போறது இருக்கட்டும். சுத்தம்னு சொன்னவர் வேலையும் போயிடும். பாவம்."

கறிக்கடைக்காரர் அதை நினைத்திருக்கவில்லை. எத்தனையோ ஆடுகளை அனுப்பிவைத்தவர், ஒன்றுக்கும் பதில் சொன்னதில்லை. இந்த ஒல்லி மனிதருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றியது. எதுவும் தெரியாத மனுஷன். நாக்குதான் கெட்டுப்போயிருக்கிறது, ஆள் நல்லவர். கடை போனால் போகட்டும்.

ஓனரம்மா படி இறங்கிப் போயிருந்தார். சமையல்காரர் தூக்கை வாங்கிக்கொண்டு பின்னால் இறங்கினார். எட்டாவது படியில் கறிக்கடைக்காரர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணே, நீங்க தப்பா நினைக்கக்கூடாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த சூப்புல..."

கீழே கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சமையல்காரர் எட்டிப் பார்த்தார். மேலேயும் பார்த்தார். தூக்கின் மூடியைத் திறந்து ஒரு தடவை ஆழமாக முகர்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எலும்பை எத்தனை மணி நேரம் கொதிக்க விடறீங்க? பதினோரு வருஷமா நானும் அம்மாவுக்கு ஊத்திக்கிட்டுதான் இருக்கேன், எனக்கு இந்தப் பதம் வரவே மாட்டேங்குதே!"