தொண்ணூறு டிகிரி திருப்பிய அண்ணே

கோலாலம்பூரில் எதையும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்து நம்பாத மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் ஆய்வகத்தின் டெக்னீஷியன், செந்தூல் பகுதிக்காரர். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் தொண்ணூறு அண்ணே. எந்த அளவீட்டைக் கொண்டுபோனாலும், "தொண்ணூறு டிகிரி திருப்பிப் பாத்தியாமா?" என்பார்.

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அவரோடு உட்கார்ந்தால் மானம் போகும். "இடப்பக்கம் உப்பு கூட இருக்கே. கறியிலயா, என் நாக்குலயா?" என்று சோற்றோடு இலையைத் திருப்புவார். நுனி அவர் நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கும்.

"இலைய அப்படிப் போடாதீங்கண்ணே, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்று கடைக்கார அக்கா கெஞ்சுவார்.

அண்ணே நிதானமாக மென்று தீர்ப்புச் சொல்வார். "உப்பும் கூடவே திரும்பிருச்சு. கறிதான்லா."

நானும் சிரித்தவள்தான், என் முறை வரும்வரை.

என் ஆராய்ச்சி உயர்வெப்ப மீக்கடத்தியில். அரிசியைவிடச் சிறிய கறுப்புப் படிகம். திரவ நைட்ரஜனில் குளிர்வித்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். அந்த நிலைக்குச் சற்று முன்பு, நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே தடை இருக்க வேண்டும். என் படிகத்தில் வேறுபட்டது. படிகம் தானாகவே சமச்சீரைக் கைவிட்டு ஒரு திசையைத் தேர்ந்திருக்கிறது என்று குதித்தேன். ஆய்வேடு கொடுக்க ஆறு மாதம்தான் இருந்தது. மூன்று வருட உழைப்பும் அந்த ஒரு வரைபடத்தில்.

"திருப்பிப் பாத்தியாமா?"

"இது சோறு இல்லண்ணே."

"சோத்துக்கே பாக்கறேன்லா."

படிகத்தைத் திருப்பி வைத்தோம். வேறுபாடு உண்மையென்றால் படிகத்தோடு அதுவும் திரும்ப வேண்டும். திரும்பவில்லை, பழைய திசையிலேயே நின்றது. கோளாறு படிகத்தில் இல்லை. அதைப் பிடித்திருந்த கிளாம்ப் ஒரு பக்கமாக நசுக்கியிருக்கிறது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அந்த மனிதரை அன்று மனதார வெறுத்தேன்.

அண்ணே புதிதாக ஒரு கிளாம்ப் செய்தார், பிடிக்காமல் எறிந்தார், மறுபடி செய்தார். நசுக்காத ஒன்று ஐந்தாவதாக வந்தது. அதில் வேறுபாடு பழையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவர் கேட்குமுன் நானே படிகத்தைத் திருப்பினேன். அந்தச் சின்ன வேறுபாடும் கூடவே திரும்பியது. "ம்" என்றார்.

வாய்மொழித் தேர்வன்று விசேஷத்துக்குப் போடும் பாத்தேக் சட்டையில் வந்து இடப்பக்கம் முன்வரிசையில் அமர்ந்தார். வரைபடத்தை நான் விளக்கும்போது எழுந்து, திரையில் தன் நிழல் விழக் குறுக்கே நடந்து, வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். தேர்வாளர்கள் முறைத்தார்கள். எனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோனது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏண்ணே நடுவுல எழுந்து போனீங்க?"

"அந்தப் பக்கத்துலேர்ந்தும் பாத்தேன்மா" என்றார். "நல்லாதான்லா இருந்துச்சு."

உள்ளே தேர்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.