தகடு அடிக்கும் முன்னால்

முதல் திருகிலேயே வண்டி கிளம்பியது வசந்தகுமாருக்குப் பிடிக்கவில்லை. அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருகினார். மறுபடியும் கிளம்பியது.

காரங்காட்டுக்கு அருகே கடற்கரை மணலில் நின்ற அதை வண்டி என்று சொல்வதே மரியாதைக்குத்தான். இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த கூடு, பழைய கார் ஒன்றின் இன்ஜின், கொழுத்த டயர்கள். மட்கார்டு கிடையாது, பானெட் கிடையாது. ஓட்டுகிறவர் உட்காருவதற்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கால் அறுத்து நைலான் கயிற்றால் கட்டியிருந்தது.

மணலிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்று அதைச் செய்தவன் கபீர். துபாயில் பாலைவன வண்டிகளோடு கிடந்துவிட்டு ஊர் திரும்பியவன். மண்டபம் பக்கம் விடுதி நடத்தும் முதலாளி ஒருவர் சுற்றுலா வருகிறவர்களுக்காகக் கேட்டிருந்தார். இது தேறினால் மேலும் செய்யச் சொல்வதாகப் பேச்சு. அன்று சாயங்காலம் பார்க்க வருகிறார்.

கபீர் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே திருவாடானையில் ஒர்க்‌ஷாப் போட்டவர் வசந்தகுமார். அவரிடம் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் கபீர் வண்டிப் பேச்சு. வீட்டுக்கு வந்தால் மனைவி மாரிச்செல்வி, அந்தப் பையன் கையில் என்னவோ இருக்கிறது என்பதைச் சோற்றோடு சேர்த்துப் பரிமாறினாள். அதனால்தான், ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தரும்படி கபீரே வந்து கூப்பிட்டதும் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பிவிட்டார்.

"கூட்டச் சுத்தித் தகடு அடிச்சுட்டா, அப்புறம் கோளாறு வந்தா எல்லாத்தையும் வெட்டித்தான் பாக்கணும்ணே. தயவு பாக்காம ஓட்டுங்க" என்றான் கபீர்.

தயவு பார்க்கும் எண்ணம் அவருக்கு அறவே இல்லை.

முதலில் மணல் மேட்டில் ஏற்றினார். பாதியில் பின்சக்கரம் புதைந்தது. கிளட்ச் கருகட்டும் என்று ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தார். வண்டி அச்சு வரைக்கும் இறங்கியது. முன்பாரம் ஜாஸ்தி, டயரில் காற்றும் ஜாஸ்தி, இது மணலுக்கு ஆகாது என்று, வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் காதில் விழும்படி சொன்னார். கபீர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். நாலு பேரைச் சேர்த்து வண்டியைத் தூக்கிவிட்டு, பேட்டரியைக் கழற்றிப் பின்னால் வைத்தான். காற்றைக் குறைத்தான். வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி மேட்டில் ஏறியது.

வசந்தகுமாருக்கு வயிறு எரிந்தது. அடுத்து ஓடைக்குள் வேகமாக விட்டார். மட்கார்டு இல்லாத சக்கரங்கள் சேற்றை வாரி அவர் முகத்திலேயே அடித்தன. ஆனாலும் நடு ஓடையில் இன்ஜின் இருமி நின்றபோது அவருக்குக் குளுகுளுவென்று இருந்தது. காற்று இழுக்கிற குழாய் தாழ்வாக இருக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டது என்று வாயில் புகுந்த சேற்றைத் துப்பிவிட்டு அறிவித்தார். கபீர் இன்ஜினை உலர்த்தி, குழாயைத் தலைக்கு மேல் உயர்த்திக் கட்டினான். இந்தத் தடவை வண்டி அக்கரை ஏறித்தான் நின்றது.

குறையை வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இனி எதைக் கண்டாலும் மூச்சு விடுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஈர மணலில் முழு வேகம் எடுத்தவர், கவிழ்ந்து தொலையட்டும் என்று ஸ்டியரிங்கை ஒரேயடியாக ஒடித்தார். வண்டி கவிழவில்லை. கயிறு அறுந்தது. நாற்காலியோடு பறந்துபோய்க் கருவேலம் புதரில் உட்கார்ந்தார் வசந்தகுமார். ஆளில்லாத வண்டி தானாகவே நிமிர்ந்து, நேராகப் போய், மணலில் சாதுவாக நின்றது.

கபீர் பதறி ஓடிவந்து தூக்கினான். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் விழுந்த விதமே சொல்லிவிட்டது. முதலாளி வருவதற்குள் அவன் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் நிஜ சீட்டை பெல்ட்டோடு முடுக்கி, பக்கத்துக்கு ஒரு கம்பியும் பற்றவைத்துக் கொண்டுவந்துவிட்டான்.

முதலாளி தானே ஓட்டினார். மேடு ஏறினார், ஓடை கடந்தார், சிரித்தபடி இறங்கினார். இன்னும் மூன்று வண்டி வேண்டும் என்றார். இத்தனை நுணுக்கம் யாருடைய யோசனை என்று கேட்டபோது கபீர், தலை முதல் கால் வரை சேறாக நின்ற வசந்தகுமாரைக் கைகாட்டினான். முதலாளி வந்து அந்தச் சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். முள் குத்திய கை. வசந்தகுமார் சிரித்து வைத்தார்.

தன் மனசில் கிடந்தது அந்தப் பயலுக்குத் தெரியாது என்பது ஒன்றே அவருக்கு மிஞ்சிய ஆறுதல்.

கபீரின் மனைவி நஃபீசா ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டுவந்து நீட்டினாள். ஊரில் இத்தனை மெக்கானிக் இருக்க, தன்னைக் கூப்பிட வேண்டும் என்று தம்பிக்குத் தோன்றியதே என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டார்.

"நான்கூட அவுக சேக்காளி, கூட்டாளி யாரையாச்சும் கூப்பிடச் சொன்னேண்ணே" என்றாள் நஃபீசா, மரியாதையாக. "வண்டி நல்லா ஓடணும்னு நினைக்கிறவன் ஓட்டுனா ஒரு கோளாறும் தட்டுப்படாது, உங்களத்தான் கூப்பிடணும்னு அவுகதான் ஒத்தக்கால்ல நின்னாக."